காம்பின் அடி

பின்னறை வாசலில் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

நிலைக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி, கழுவி, ஓரத்தில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டு. எட்டு மாதமாகப் பாகீரதி தினமும் எப்படி வைத்தாளோ அப்படியே. கையில் கரண்டியோடு அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணி பதினொன்று. கணவன் பஞ்சு லோக்கல் ரயில் பிடித்து வி.டி. ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். ஆறு வயது மகள் ஷ்யாமளாவுக்குக் கோடை லீவு, கீழ்வீட்டில் விளையாட்டு. பாத்திரம் தேய்க்கிற சகுபாய் எட்டரைக்கே கிளம்பிவிட்டாள். வீட்டில் மிச்சம் பாகீரதியும் அவள் மாமியார் விசாலாக்ஷியும்தான். விசாலாக்ஷி கூடத்தில் ஜபமாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பின்னறைக்குத் தட்டு யார் வெச்சா?"

"நான்தான்" என்றாள் விசாலாக்ஷி, மாலையை நிறுத்தாமல். "கைப்பழக்கம், கேட்டியா. சாதம் வடிச்சதும் தட்டுல போட்டு அங்க தள்ளிட்டேன். நீ குளிச்சு வந்து பன்னண்டு நாளாச்சுங்கறதே மறந்து போயிடுத்து. எடுத்துண்டு வா, காக்காய்க்குப் போடலாம்."

காக்காய்க்குப் போட அதில் ஒன்றும் இல்லை.

"சாதம் இல்லையேம்மா. தட்டு அலம்பியிருக்கு."

மாலை நின்றது. "அப்போ நீதான் அலம்பியிருப்பே. ஒனக்கும் பழக்கம் விடலையாக்கும்" என்று விசாலாக்ஷி சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பாகீரதியும் சிரித்து வைத்தாள். தான் அலம்பவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் சின்னக் குளியலறையும் கொண்ட வீடு அது. கட்டடம் முழுக்கப் பாலக்காட்டுக் குடும்பங்கள். பம்பாய்க்கு வந்து எதை எதையோ விட்டவர்கள், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தூரமாக உட்காருவதை மட்டும் விடவில்லை. அதற்கு இடம்தான் பெரிய பாடு. சிலர் பால்கனியைத் தட்டி வைத்து மறைத்தார்கள். இந்த வீட்டில் அடுக்களைக்குப் பின்னால் கரி மூட்டை போட்டு வைக்கவென்று ஓர் ஒடுக்கமான அறை இருந்தது, ஆறடிக்கு நாலடி. உயரத்தில் ஒரு ஜன்னல். அது இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் குழாய்கள் இறங்குகிற சந்தைப் பார்த்தது. வெயில் என்பது மத்தியானம் பத்து நிமிஷம். மூலையில் மோரி, அதாவது குளிக்கவும் துணி அலசவும் தரையோடு தரையாக முழ உயரத்துக்குத் தடுப்புக் கட்டி, நடுவில் தண்ணீர் போக ஒரு ஓட்டை. ஒரு குழாய். ஒரு பாய், ஒரு சொம்பு, கொடியில் ஒதுக்கி வைத்த ஒரு பழைய புடவை.

மூன்று நாள் என்றால் யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். பாகீரதிக்குப் போன வருஷம் கணபதி பண்டிகைக்கு மறுநாள் ஆரம்பித்தது நிற்கவேயில்லை. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, காபி கலந்து, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மறுபடி. அப்படி வந்தால் சாஸ்திரத்திலேயே சலுகை உண்டு என்று கீழ்வீட்டு வானமாமலை சொல்லிப் பார்த்தார். விசாலாக்ஷி சலுகை வாங்கிக்கொள்கிற ரகமில்லை. அசோகாரிஷ்டம் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் பாகீரதி அந்த அறைக்கு வெளியே இருந்த நாட்களை எண்ண இரண்டு கை விரல் போதும். குழந்தையைத் தொட முடியாது. குழந்தை வாசலில் உட்கார்ந்து, கதவுக்கு அடியில் சோழி உருட்டி விடும். இவள் திருப்பி உருட்டுவாள். அதுதான் கொஞ்சல். பஞ்சு பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று தலைப்பு வாசிப்பான். நாளாக ஆக எல்லோரும் கதவைப் பார்த்தே பேசப் பழகிவிட்டார்கள். அவள் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஏப்ரல் கடைசியில் உள்ளேயே மயங்கி விழுந்தாள். பஞ்சு டாக்ஸி வைத்து ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனான். டாக்டர் சாமந்த் என்று ஒரு மராட்டி அம்மாள், பருமனான, பொறுமையான மனுஷி. கர்ப்பப்பையின் உள்தோலில் சதை வளர்ந்திருக்கிறது, பாலிப் என்று பெயர் என்று ஹிந்தியில் சொன்னாள். பஞ்சு அதைத் தமிழில் சொல்ல வெட்கப்பட்டான், பாகீரதிக்கே புரிந்தது. மயக்கம் கொடுத்து, இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்து, சுரண்டியும் விட்டார்கள். கண் விழித்தபோது டாக்டர் எனாமல் தட்டில் காட்டினாள். மூன்று. பெரியது புளியங்கொட்டை அளவு. வழவழவென்று வெளிர் ரோஜா நிறம், நுனி உருண்டை, கீழே ஒரு காம்பு.

இது கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை, கைக்குப் படுவதை வைத்துச் செய்கிற வேலை, என்றாள் டாக்டர். காம்பின் அடி எங்கேயாவது தங்கிப்போனால் மறுபடி வளரும். எல்லோருக்கும் வராது, சிலருக்கு வருகிறது. ஒரு துளி பட்டாலும் அன்றைக்கே வா. லேப் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் நான் எதுவும் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப வந்தால் கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டியிருக்கும்.

சதையை மருந்து நீரில் போட்டு, பாட்டிலை அடைத்துப் பஞ்சு கையில் கொடுத்தார்கள், தாதரில் உள்ள லேபுக்கு. பத்து நாள் கழித்து, ரிப்போர்ட் வந்துவிட்டது, டாக்டரிடம் காட்டியாயிற்று, எல்லாம் சரி என்று பஞ்சு சொன்னான். பாகீரதி நம்பினாள். குளித்து வெளியே வந்த அன்று குழந்தையை அள்ளி எடுத்து, அது திமிறத் திமிற, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இனி அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

அதற்கப்புறம்தான் இந்தத் தட்டு.

மறுநாள் பதினோரு மணிக்கு அடுக்களையில் அவள் மோர் கடைந்துகொண்டிருந்தபோது பின்னறைக்குள் தண்ணீர் விழுந்தது. குழாய் ஒழுகுகிற சத்தமில்லை. சொம்பால் மொண்டு, ஒரு நிதானத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற சத்தம். நடுவில் துணியைத் தரையில் அடிக்கிற சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி ஏதோ. மாடி வீட்டுக் குழாயாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் கதவிடுக்கு வழியாக ஒரு வாசனையும் வந்தது. நர்சிங் ஹோமில் அந்தப் பாட்டிலிலிருந்து வந்த, மூக்கை அரிக்கிற மருந்து வாசனை. அதோடு கலந்து, தான் தலைக்குத் தேய்க்கிற காய்ச்சிய எண்ணெயின் வாசனை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஷ்யாமளாவைக் காணவில்லை. கீழ்வீட்டில் விளையாடிவிட்டு வந்து சாப்பிட்ட குழந்தை. பாகீரதி தேடிக்கொண்டு வந்தபோது அது பின்னறைக் கதவுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. சோழியை உருட்டிக்கொண்டிருந்தது.

"யாரோடடி விளையாடறே?"

"அம்மாவோட."

"அம்மா இங்கேன்னா இருக்கேன்."

ஷ்யாமளா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. முறைக்கவில்லை, பயப்படவில்லை. புதிதாக வந்த டீச்சரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "நீ சமைக்கற அம்மா" என்றது.

கதவுக்கு அடியிலிருந்து சோழி உருண்டு வந்தது.

ஈரமாக இருந்தது.

பாகீரதி குழந்தையை இழுத்துப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைத் தள்ளினாள். யாருமில்லை. பாய் சுருட்டாமல் விரித்திருந்தது. கொடியில் பழைய புடவை நனைந்து தொங்கியது. ஜன்னலில் அந்தப் பத்து நிமிஷ வெயில் இருந்தது; அது நேராக மோரியில் விழுந்தது. மோரியில் தண்ணீர் போகாமல் தேங்கி, மெல்ல மெல்ல வடிந்தது. வடிந்து முடிந்ததும் ஓட்டையின் விளிம்பில் அதைப் பார்த்தாள்.

வெளிர் ரோஜா. நுனி உருண்டை. காம்பு ஓட்டைக்குள் இறங்கியிருந்தது. எனாமல் தட்டில் பார்த்ததை யாரும் மறக்க மாட்டார்கள்.

சாயங்காலம் பஞ்சு சட்டையைக் கழற்றக்கூட விடாமல் கேட்டாள். "ஏன்னா, அந்த ரிப்போர்ட்டை எனக்குக் காட்டுங்கோ."

"இங்கிலீஷ்ல இருக்கும். ஒனக்கு என்ன புரியும்?"

"காட்டுங்கோ."

பஞ்சு நல்லவன். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சனிக்கிழமை லேப் மூடிட்டான். நீ இன்னும் நர்சிங் ஹோம்லதான் இருந்தே. பாட்டிலை ஆத்துக்குக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் குடுத்தா, இதுல வெறும் தண்ணிதான் இருக்கு, என்ன விளையாடறேளான்னு சத்தம் போட்டான். அவமானமாப் போச்சு. டாக்டர்ட்ட என்னன்னு சொல்றது? நீதான் நன்னா ஆயிட்டியேன்னு விட்டுட்டேன்."

"தண்ணியா? அதுல இருந்தது எங்க போச்சு?"

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். விசாலாக்ஷிக்குக் குற்றம் செய்துவிட்டோம் என்ற எண்ணமே இல்லை. "மனுஷா ஒடம்புலேர்ந்து அறுத்ததை ஸ்வாமி இருக்கற எடத்துல வெச்சுக்கறதா? பின்னறையோட நிறுத்துடான்னேன். அங்க வெச்சான். அப்பவும் எனக்கு மனசு கேக்கலை. மோரில கொட்டி, நாலு சொம்பு ஜலம் விட்டு, பாட்டிலை நன்னா அலம்பி, சுத்தமா ரொப்பி வெச்சேன். டாக்டருக்கு பாட்டில் திரும்ப வேணுமாக்கும்னுன்னா நெனச்சேன்?" என்றாள்.

பாகீரதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமுடியாத, நடுங்குகிற சிரிப்பு.

மறுநாள் பஞ்சு கிளம்பியதும், கொதிக்கிற பாத்திரம் இறக்குகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு போனாள். முழங்காலில் உட்கார்ந்தாள். ஒரு ராத்திரியில் அது கட்டைவிரல் அளவு ஆகியிருந்தது. இடுக்கியால் பிடித்தாள். இரும்பு வழியாகக்கூட சூடு தெரிந்தது, ஜுரக் குழந்தையின் கை மாதிரி. டாக்டர் செய்ததாகச் சொன்னபடியே திருகினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் அறுந்தது, அறுந்த அதே நொடியில் அவள் அடிவயிற்றுக்குள் ஒன்று சொடுக்கியது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். கரியடுப்பில் போட்டுப் பொசுக்கி, மோரியில் பினாயிலை ஒரு பாட்டில் முழுக்க ஊற்றி, கொதிக்கிற வெந்நீர் விட்டாள். அறையைச் சாத்திவிட்டு வந்து, அன்றைக்கு வெங்காய சாம்பார் வைத்தாள். ஷ்யாமளாவுக்கு இரண்டு பின்னல் போட்டுவிட்டாள். ஒன்பது நாள் ஒரு சத்தமும் இல்லை. ஒன்பது நாள் அவள் மனுஷியாக இருந்தாள்.

பத்தாம் நாள் மோரியில் ஐந்து இருந்தன.

அன்று மத்தியானமே அவள் துணியிலும் ஒரு சொட்டு.

குளியலறையில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்தச் சொட்டைப் பார்த்தபடி அவள் வெகுநேரம் நின்றாள். அன்றைக்கே வா என்று டாக்டர் சொல்லியிருந்தாள். டாக்டரிடம் போக வேண்டுமானால் பஞ்சுவிடம் சொல்ல வேண்டும். பஞ்சுவிடம் சொன்னால் அவன் தன் அம்மாவிடம் சொல்வான். சொன்ன நிமிஷமே பின்னறை. சொல்லாவிட்டால் உள்ளே வளர்வது வளர்ந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஜன்னலே இல்லாத ஒரு யோசனைக்குள் அவள் மாட்டிக்கொண்டுவிட்டாள்.

சொல்லவில்லை.

ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வெளியே பகலெல்லாம் சாயங்காலம் போல இருட்டு. சந்தில் குழாய்கள் ஓயாமல் கொட்டின. சுவரில் ஈரம் ஏறிப் பச்சை பூத்தது. தீப்பெட்டி நமுத்துப்போய் ஒரு விளக்கேற்ற ஆறு குச்சி. துணியை மடித்து வைத்துக்கொண்டு அவள் சமைத்தாள், பரிமாறினாள், ஸ்வாமிக்கு விளக்கு ஏற்றினாள். நம்பிக்கை இல்லாதவள் என்றால் பரவாயில்லை; அவளுக்கு நம்பிக்கை இருந்தது. தீட்டோடு நிற்கிறேன், தெரிந்தே நிற்கிறேன், என்னைத் தண்டிக்காதே என்று ஸ்வாமியிடமே சொல்லிக் கெஞ்சினாள்.

நனைந்த துணிகளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து, எல்லோரும் அசந்த நேரம் பார்த்து அலசினாள். ஒரு நாள் போய்ப் பார்த்தால் துணியைக் காணவில்லை. சகுபாயா? சகுபாய் அந்தப் பக்கமே வரமாட்டாள். மறுநாளும் காணவில்லை. கேட்க யாரும் இல்லை.

அதற்கிடையில் ஷ்யாமளா ஒரு மத்தியானம் பின்னறைக்குள்ளிருந்து வெளியே வந்தது. தலை ஈரமாக, ஒற்றைப் பின்னலாக இறுக்கிப் பின்னியிருந்தது. பாகீரதி பின்னினதில்லை. பின்னலை மோந்து பார்த்தாள். மருந்து வாசனை.

"உள்ள யாருடி இருக்கா? சத்தியமாச் சொல்லு."

"அம்மாதான். பேச வராது இப்போ. வாய் இன்னும் சரியா வரலை" என்றது குழந்தை. பிறகு, ஆறுதல் சொல்கிற மாதிரி, "வந்துண்டிருக்கு" என்றது.

தீட்டு அறைக்குள் குழந்தை போய்ப் போய் வருகிறது என்பது மட்டும் விசாலாக்ஷியின் காதில் விழுந்தது. அது போதும் அவளுக்கு. தச்சனைக் கூப்பிட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னாள். பாகீரதிதான் மிகவும் சந்தோஷப்பட்டாள். தச்சனுக்கு இரண்டாவது டம்ளர் காபியும் கொடுத்தாள். தாழ்ப்பாளைத் தானே இழுத்துப் போட்டுப் பார்த்தாள். இனி அது உள்ளேதான் கிடக்கும் என்று நினைத்தாள். அன்று முழுக்கக் கதவுக்குப் பின்னால் ஏதோ ஒன்று, பொறுமையாக, விரலால் இல்லாத எதனாலோ, மரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை. பஞ்சு அரைநாள் ஆபீஸ் முடிந்து சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். மழை அடித்து ஊற்றியதால் கூடத்தில் விளக்கு போட்டிருந்தது. பழைய சாக்கு ஒன்று எடுக்க விசாலாக்ஷி பின்னறைத் தாழ்ப்பாளைத் திறந்தாள். திறந்தவள் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, எட்டிப் பார்த்து, திரும்பி நடந்து வந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"கொடி நெறைய துணி ஒணர்த்தியிருக்கு" என்றாள். "பளிச்சுனு அலசி, வரிசையா. எத்தனை நாளா நடக்கறதுடி இது?"

காணாமல் போன துணிகள். அதுதான் எடுத்துப் போயிருக்கிறது. அலசியிருக்கிறது. எல்லோரும் பார்க்கும்படி உலர்த்தியிருக்கிறது.

"அம்மா, நான் ஒணர்த்தலை."

"ஒன் துணியா இல்லையா?"

"என்னோடதுதான். ஆனா..."

"தூரத்தோட அடுப்பைத் தொட்டு, ஸ்வாமி வெளக்கைத் தொட்டு..." விசாலாக்ஷியின் குரல் உடைந்தது. அவள் நிஜமாகவே அழுதாள். வீட்டுக்கே கேடு வந்துவிட்டது என்று பயந்துபோயிருந்தாள். "போ. உள்ள போ. மொதல்ல உள்ள போ."

பாகீரதி பஞ்சுவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்னா, மறுபடி வந்துடுத்து. டாக்டர்ட்ட இப்பவே கூட்டிண்டு போங்கோ. கர்ப்பப்பையை எடுக்கணும்னா எடுக்கட்டும். எதை வேணும்னாலும் எடுக்கட்டும். அந்த ரூம் வேண்டாம். அங்க ஒண்ணு இருக்கு. மோரில கொட்டினது வளந்து நிக்கறதுன்னா."

பஞ்சு அவளைத் தொடாமல் காலை இழுத்துக்கொண்டான். பாவம், அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. "பாகீ, ஒடம்பு பலவீனம், என்னென்னமோ தோணும். மூணு நாள் ஆகட்டும். நாலாம் நாள் குளி. மொதல் டாக்ஸில கூட்டிண்டு போறேன். இந்த நிலைமைல எல்லாரையும் தொட்டுண்டு படியெறங்கிப் போறதாவது?"

"எப்பன்னா மூணு நாள்ல நின்னிருக்கு?"

அவன் பேப்பரை எடுத்தான்.

ஓடலாமா என்று பார்த்தாள். வாசல் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் விசாலாக்ஷி, முந்தானை பட்டுவிடாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடினாலும் எங்கே போவது? கையில் காசில்லை. புடவையில் ரத்தம். இந்தக் கட்டடத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து இன்னொரு பின்னறைதான் திறக்கும். அடுக்களையைத் தாண்டி நடந்தாள். ஷ்யாமளா அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றது. இடுப்பளவு உயரம். ஒரு முறை தொட்டுவிடலாம் என்று கையை நீட்டினாள்.

"தொடாதே!" என்றாள் விசாலாக்ஷி பின்னாலிருந்து.

குழந்தை ஒதுங்கிக்கொண்டது. பழகின ஒதுங்கல். "பயப்படாதேம்மா" என்றது மெதுவாக. "அந்த அம்மா ஒண்ணும் பண்ணமாட்டா. ஒனக்காகத்தான் காத்துண்டிருக்கா."

நிலையைத் தாண்டினாள். ஈரத்தில் ஊறி உப்பிய கதவு பின்னால் முனகிக்கொண்டு சாத்தியது.

"தாழ்ப்பாளைப் போடும்மா, இல்லேன்னா கொழந்தை ஓடி ஓடி வரும்" என்று பஞ்சுவின் குரல்.

தாழ்ப்பாள் விழுந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மழை இருட்டு. சந்தில் குழாய்கள் கொட்டுகிற சத்தம், அதற்கு அடியில் இன்னொரு சத்தம், ஈரமாக, நிதானமாக, மூச்சு மாதிரி. மருந்து வாசனை கண்ணில் நீர் வரவைத்தது. தலைக்கு மேல் வரிசையாகத் துணிகள். அவள் துணிகள். கொடியின் கோடியில் பழைய புடவை இருக்க வேண்டிய இடம் காலி.

கண் பழகியது.

மோரி முழுக்க அவை. ஓட்டையைச் சுற்றி, தடுப்பின் மேல், சுவரில் முழ உயரத்துக்கு. சின்னது, பெரியது, காம்போடு, நுனி உருண்டு. எல்லாம் மெல்ல அசைந்தன. காற்று இல்லை.

ஓட்டைக்குள்ளிருந்து மணிக்கட்டு கனத்துக்கு ஒன்று கிளம்பியிருந்தது. ரோஜா நிறம். தரையோடு ஊர்ந்து வந்தது. பாய் வரைக்கும். பாயில் விரிந்திருந்த புடவைக்குள் போயிற்று.

பழைய புடவை. அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுவரைப் பார்த்து. முழங்காலைக் கட்டிக்கொண்டு. எட்டு மாதம் அவள் உட்கார்ந்த மாதிரியே.

ஈரத் தலை. அவள் கூந்தல்.

கதவை அறைந்தாள். "அம்மா! ஏன்னா!" கூடத்தில் யாரோ ரேடியோவைப் பெரிதாக வைத்தார்கள். அழுகையைக் கேட்கச் சகிக்காமல் வைத்திருப்பார்கள். குழந்தையின் காலடி கதவுவரை வந்து நின்றது. பிறகு போய்விட்டது.

அது திரும்பியது.

கண் இன்னும் வரவில்லை. கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று, கன்னத்தின் உட்புறம் போல. மூக்கு அவள் மூக்கு. வாய் வந்திருந்தது. முழுசாக வந்திருந்தது. அவள் வாய்.

பாகீரதி கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள். கால் வழியே சூடாக இறங்கியது. அடிவயிற்றுக்குள் ஒன்று, இரண்டு, பல, ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பின. அவளுக்குத் தெரிந்தது. காய் காம்பில் திரும்புவது போல.

அது அவசரப்படவில்லை. மூன்று நாள் இருக்கிறது. அதற்கப்புறமும் இருக்கிறது. புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, பாயில் ஓரமாக நகர்ந்து, அவளுக்கு உட்கார இடம் விட்டது.